226, 255, 310: மூன்று விடைகளில் எது சரி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகளிடமிருந்து போன். புள்ளியியலில் முதுகலை படிக்கிறாள். "மாமா, ஒரே பைல்தான். மூணு விதமா போட்டுப் பார்த்தேன், மூணு விடை வருது. எது சரி?" என்றாள்.

அவள் வைத்திருந்தது பயிற்சிக்காக உலகம் முழுவதும் பயன்படுத்தப்படும் ஒரு பைல். அமெரிக்காவில் நார்த் சென்ட்ரல் கேன்சர் ட்ரீட்மென்ட் குரூப் என்ற அமைப்பு சேகரித்த, முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 228 நோயாளிகளின் விவரம். கேள்வி எளிமையானது. இவர்களில் பாதிப் பேர் எத்தனை நாள் வரை உயிரோடு இருந்தார்கள்? இதைத்தான் மீடியன், அதாவது இடைநிலை அளவு என்பார்கள்.

எக்ஸெல்லில், இறந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை டெலீட் செய்துவிட்டுக் கணக்குப் போட்டாள். 226 நாள் என்று வந்தது. கல்லூரி லேபில் உள்ள சாப்ட்வேரில் போட்டபோது 255 நாள் சொச்சம். வீட்டில் இலவச சாப்ட்வேரான 'ஆர்'-ல் போட்டாள். 310 நாள்.

"எதுவுமே எர்ரர் காட்டலை மாமா" என்றாள். அதுதான் விஷயமே. மூன்று இடத்திலும் கம்ப்யூட்டர் சரியாகத்தான் கூட்டிக் கழித்திருக்கிறது. அதனிடம் கேட்கப்பட்ட கேள்விகள்தான் வேறு வேறு. எந்த வேரியபிள் காலம், எந்த வேரியபிள் முடிவு, அந்த முடிவில் எந்த எண் மரணத்தைக் குறிக்கிறது என்று நாம் சொல்வதைக் கம்ப்யூட்டர் அப்படியே நம்பிவிடும். தவறாகச் சொன்னாலும் அழகான கிராப் வரைந்து கொடுத்துவிடும்.

இப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறோம், இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்கிறீர்களா? நர்சிங், பார்மசி, புள்ளியியல், எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கு ஒருநாள் உங்கள் கம்ப்யூட்டருக்கு வரத்தான் செய்யும். இதன் பெயர் சர்வைவல் அனாலிசிஸ். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஐந்து பல்பு இருந்தால் போதும், அடுப்படியிலேயே புரிந்துகொள்ளலாம்.

ஐந்து பல்புகளின் கதை

ஒரே நாளில் ஐந்து பல்பு வாங்கி மாட்டுகிறீர்கள். முதல் பல்பு 2-வது மாதம் பியூஸ் போனது. இரண்டாவது பல்பை 3-வது மாதம் மாடி வீட்டுக்காரர் இரவல் வாங்கிப் போனார். போகும்போது நன்றாகத்தான் எரிந்தது. அதன் பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாது. மூன்றாவது 5-வது மாதம் பியூஸ். மீதி இரண்டும் 8 மாதம் கழித்து இன்றும் எரிகின்றன. இப்போது சொல்லுங்கள், இந்த பல்பு எத்தனை மாதம் உழைக்கும்?

பியூஸ் போன இரண்டை மட்டும் எடுத்தால் சராசரி மூன்றரை மாதம். இது அநியாயம். நன்றாக உழைக்கும் பல்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கெட்டுப்போனவற்றை மட்டும் எண்ணுகிறோம். சரி, ஐந்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 5.2 மாதம். இதுவும் தவறு. ஏனென்றால் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் இரண்டும் 8-வது மாதத்தில் பியூஸ் போனதாகக் கணக்கு வைத்துவிட்டோம். இரவல் போன பல்பு 3-வது மாதமே செத்துவிட்டதாக எழுதிவிட்டோம்.

அக்கா மகள் எக்ஸெல்லில் செய்தது முதல் தவறு. லேபில் அவளுக்குத் தெரியாமலே நடந்தது இரண்டாவது தவறு.

சரியான வழி இது. கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 2-வது மாதம் ஐந்தில் ஒன்று போனது, எனவே தாக்குப் பிடிக்கும் வாய்ப்பு 4/5, அதாவது 0.8. மூன்றாவது மாதம் ஒன்று நம் கண்ணை விட்டுப் போகிறது. அது பியூஸ் ஆகவில்லை, எனவே 0.8 குறையாது. ஆனால் இனி நம் கண் முன்னால் இருப்பவை மூன்றுதான். 5-வது மாதம் அந்த மூன்றில் ஒன்று போகிறது, மீதி 2/3. 0.8-ஐ 2/3-ஆல் பெருக்கினால் 0.533. ஆக 8 மாதம் வரை தாங்கும் வாய்ப்பு சுமார் 53 சதவீதம். பாதிக்குக் கீழே இறங்கவே இல்லை என்பதால் மீடியன் இன்னும் கிடைக்கவில்லை. சாப்ட்வேரில் போட்டால் மீடியன் இடத்தில் எண் வராது, 'என்ஏ' என்றோ ஒரு புள்ளி என்றோ வரும். அதைப் பார்த்து ஏதோ வைரஸ் என்று பயந்துவிடாதீர்கள்.

இரவல் போன பல்பையும் இன்னும் எரியும் பல்புகளையும் 'சென்சார் ஆனவை' என்பார்கள். சினிமா சென்சாருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கதையின் முடிவு நமக்குத் தெரியவில்லை, இதுவரை உயிரோடு இருந்தது என்பது மட்டும் தெரியும், அவ்வளவுதான்.

நான் பல்பை உதாரணமாக எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மேலே போட்ட பெருக்கல் முறைக்குக் கப்லான்-மேயர் முறை என்று பெயர். எட்வர்ட் கப்லான் அமெரிக்காவின் பெல் லேபரட்டரீஸில் வேலை பார்த்தவர். கடலுக்கடியில் போடப்படும் டெலிபோன் கேபிள்களில் இருந்த வேக்குவம் டியூப்கள் எத்தனை காலம் உழைக்கும் என்பது அவருடைய கவலை. பல்புக்கு அண்ணன் தம்பி முறைதானே அவை! பால் மேயரோ ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் புற்றுநோயாளிகளின் வாழ்நாளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். இருவரும் தனித்தனியாகத்தான் எழுதினார்கள். இரண்டு கட்டுரைகளும் ஒரே இதழுக்குப் போக, சேர்ந்து ஒன்றாக எழுதும்படி இதழ் சொன்னது. சுமார் நாலு வருடம் கடிதப் போக்குவரத்து நடந்து, 1958-ல் கட்டுரை வெளிவந்தது. டியூபுக்கும் மனிதருக்கும் ஒரே கணக்கு!

இரண்டு வேரியபிள், ஒரே விடை

சாதாரணமாக ஒரு விவரத்துக்கு ஒரு நெடுவரிசை போதும். வயதுக்கு ஒன்று, எடைக்கு ஒன்று. (எக்ஸெல்லில் மேலிருந்து கீழே போவதைக் 'காலம்' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். இந்தக் கட்டுரையில் நேரத்தையும் காலம் என்று சொல்ல வேண்டியிருப்பதால், அதை நெடுவரிசை என்று எழுதுகிறேன்.) சர்வைவல் அனாலிசிஸில் ஒரே விடைக்கு இரண்டு நெடுவரிசை வேண்டும். ஒன்று எவ்வளவு காலம் பார்த்தோம் என்பது. மற்றொன்று அந்தக் காலத்தின் முடிவில் என்ன நடந்தது என்பது. இரண்டும் ஜோடி. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் படித்தால் அர்த்தம் மாறிவிடும்.

காலத்தை நீங்களே மனக்கணக்காகப் போட்டு டைப் செய்யாதீர்கள். தொடங்கிய தேதிக்கு ஒரு நெடுவரிசை, நிகழ்ச்சி நடந்த தேதி அல்லது கடைசியாகப் பார்த்த தேதிக்கு ஒரு நெடுவரிசை வையுங்கள். மூன்றாவதில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும் பார்முலாவைப் போடுங்கள். சில சமயம் விடை 306 என்று வருவதற்குப் பதிலாக 1900-ம் வருடத்து நவம்பர் தேதி ஒன்று தெரியும். பயப்பட வேண்டாம். அந்த செல்லை ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் சென்று, ஜெனரல் என்று மாற்றினால் 306 தெரியும்.

எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பது என்பதை எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு நோய் கண்டுபிடித்த நாள், அடுத்தவருக்கு சிகிச்சை தொடங்கிய நாள் என்று கலந்தால் கணக்கு கந்தலாகிவிடும்.

தேதியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. உங்கள் விண்டோஸில் ரீஜியன் அமெரிக்கா என்று இருந்தால், 03/04/2005 என்று நீங்கள் ஏப்ரல் 3-ஐ டைப் செய்ய, எக்ஸெல் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/04/2005 என்று டைப் செய்தால் 13-வது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கண்டுபிடிப்பது சுலபம். தேதியாக ஏற்றது செல்லின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்தாக ஏற்றது இடது ஓரத்தில் நிற்கும். ஒரே நெடுவரிசையில் சிலது வலது பக்கமும் சிலது இடது பக்கமும் நின்றால், முதலில் கண்ட்ரோல் பேனலில் ரீஜியனைச் சரி செய்துவிட்டு மறுபடி டைப் செய்யுங்கள். வலது பக்கம் நிற்பவையும் தப்பான மாதத்தில் நிற்கக்கூடும் என்பதால், இடது பக்கத்தை மட்டும் திருத்தினால் போதாது.

1-ஆ, 0-வா, 2-வா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இரண்டாவது நெடுவரிசையை ஸ்டேட்டஸ் என்பார்கள். பொதுவான வழக்கம், நிகழ்ச்சி நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. நம் கம்ப்யூட்டரில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கையே எடுத்துக்கொள்ளுங்களேன். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் ஹார்ட் டிஸ்க்குகளின் தினசரிப் பதிவுகளை, 2013-ல் தொடங்கி, யாரும் டவுன்லோடு செய்யும்படி வெளியிட்டிருக்கிறது. அதில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தினம் ஒரு வரி. டிஸ்க் நன்றாக இருக்கும் வரை 0. செத்துப்போகும் கடைசி நாளில் மட்டும் 1. தெளிவான ஏற்பாடு.

ஆனால் அக்கா மகளின் நுரையீரல் புற்றுநோய் பைலில் 0 கிடையாது. சென்சார் ஆனவருக்கு 1, இறந்தவருக்கு 2. இது ஏன் இப்படி என்பதற்கு ஒரு நல்ல கதை உண்டு. பஞ்ச் கார்டு காலத்தில், ஐ.பி.எம். 360 கம்ப்யூட்டரின் போர்ட்ரான் மொழி, ஓட்டை போடாமல் வெறுமையாக விட்ட இடத்தையும் பூஜ்யம் என்றே படிக்கும். உண்மையிலேயே 0 என்று போட்டார்களா, போட மறந்துவிட்டார்களா என்று தெரியாது. எனவே அமெரிக்காவின் மேயோ கிளினிக் புள்ளியியல் பிரிவில் 0 என்ற எண்ணையே பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்தார்கள். பஞ்ச் கார்டு போனது, ஐ.பி.எம். 360 போனது, அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

இந்த 1, 2 பைலை வெவ்வேறு சாப்ட்வேர்களில் கொடுத்தால் என்ன ஆகும்?

ஆர் சாப்ட்வேரில் உள்ள சர்வைவல் பேக்கேஜை எழுதியவர் அதே மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டெர்ரி தெர்னோ. எனவே 0, 1 என்று இருந்தால் 1 மரணம், 1, 2 என்று இருந்தால் 2 மரணம் என்று அது தானாகவே புரிந்துகொள்ளும். ஸ்டேட்டாவில் வேறு விதி. மரணத்தின் எண் எது என்று குறிப்பிடாமல் நெடுவரிசையின் பெயரை மட்டும் கொடுத்தால், பூஜ்யம் அல்லாத எல்லா எண்ணும் மரணம்தான். நம் பைலில் பூஜ்யமே இல்லையே! 228 பேரும் இறந்துவிட்டதாகக் கணக்கு. எஸ்.ஏ.எஸ்.-ல் இன்னும் வேடிக்கை. அதில் அடைப்புக்குறிக்குள் நாம் கொடுக்கும் எண் மரணத்துக்கானது அல்ல, சென்சார் ஆனவருக்கானது. அதாவது மற்ற சாப்ட்வேர்களுக்கு நேர் எதிர். பழக்க தோஷத்தில் 0 என்று போட்டால், இங்கேயும் 228 பேரும் இறந்துவிடுவார்கள். 2 என்று போட்டாலோ இறந்தவர்கள் உயிர்பெறுவார்கள், உயிரோடு இருப்பவர்கள் இறந்துவிடுவார்கள்.

இவை எதுவும் சாப்ட்வேரின் குறை அல்ல. எல்லாமே ஹெல்ப் பைலில் எழுதியிருக்கிறது. நாம்தான் எப் 1 கீயை அமுக்குவதே இல்லை.

லேபில் 255 சொச்சம் வந்தது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். எல்லோரும் இறந்ததாக எடுத்துக்கொண்டால், வெறும் நாட்களின் மீடியன்தான் வரும். அந்த நெடுவரிசையின் மீடியன் 255.5.

வீட்டில் செய்து பாருங்கள்

ஆர் என்ற ஒற்றை எழுத்துப் பெயருள்ள இந்த சாப்ட்வேரை நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் தொடங்கினார்கள். 2000-ம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று முதல் முழுப் பதிப்பு வந்தது. ஆர்-புராஜெக்ட் டாட் ஆர்க் தளத்திலிருந்து இலவசமாக டவுன்லோடு செய்து, மற்ற புரோகிராம்களைப் போலவே நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று கிளிக் செய்து இன்ஸ்டால் செய்யலாம். சர்வைவல் பேக்கேஜும் நம் புற்றுநோய் பைலும் அதனுடனேயே வந்துவிடும்.

திறந்தால் வெறும் விண்டோவும் ஓர் அம்புக்குறியும்தான் இருக்கும். பட்டன்களைத் தேடாதீர்கள், டைப் செய்ய வேண்டும். கீழே உள்ளவற்றைத் தமிழில் அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். எல்லாம் சின்ன எழுத்து. 'சர்வ்' என்பது சர்வைவல் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்து. தனியாக வரும்போது மட்டும் அதன் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். 'லங்' என்பது பைலின் பெயர், நுரையீரல் என்பதற்கான ஆங்கிலச் சொல்.

லைப்ரரி(சர்வைவல்)

என்டர் தட்டுங்கள். ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். அது நல்ல அறிகுறி. அடுத்து,

வித்(லங், சர்வ்(டைம், ஸ்டேட்டஸ்))

இப்போது ஸ்கிரீனில் எண்கள் வரிசையாக வரும். முதல் ஆறு எண்கள்: 306, 455, 1010+, 210, 883, 1022+. சில எண்களுக்குப் பின்னால் கூட்டல் குறி இருப்பதைக் கவனியுங்கள். 1010+ என்றால், 1010 நாள் வரை உயிரோடு இருந்தார், அதன் பிறகு தெரியாது என்று அர்த்தம். நாம் இரண்டு நெடுவரிசையாகக் கொடுத்ததை ஆர் ஒரே விடையாகச் சேர்த்துக்கொண்டுவிட்டது. எனக்கு இந்த சாப்ட்வேரில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கூட்டல் குறி எங்குமே இல்லை என்றாலோ, சீக்கிரம் இறந்தவர் என்று உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குக் கூட்டல் குறி இருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். மேலே போவதில் பயனில்லை.

சரியாக இருந்தால் அடுத்த கட்டளை.

சர்வ்ஃபிட்(சர்வ்(டைம், ஸ்டேட்டஸ்) ~ 1, டேட்டா = லங்)

அந்த அலை போன்ற குறி, கீபோர்டில் 1-க்கு இடது பக்கம் உள்ள கீயை ஷிப்டுடன் அமுக்கினால் வரும். விடையில் முதலில் மீடியனைப் பார்க்காதீர்கள். ஈவென்ட்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். மொத்தம் 228, ஈவென்ட்ஸ் 165. உங்கள் ரெஜிஸ்டரில் இறந்தவர் எண்ணிக்கையும் 165-ஆக இருந்தால் சரி. 63 என்று வந்தால் தலைகீழாகக் கொடுத்துவிட்டீர்கள். 228 என்று வந்தால் ஸ்டேட்டஸே போய்ச் சேரவில்லை. சர்வ் என்பதற்குள் டைம் மட்டும் கொடுத்து ஸ்டேட்டஸைக் கொடுக்க மறந்தாலும் ஆர் முணுமுணுக்காமல், எல்லோரும் இறந்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

அதன் பிறகு மீடியன். 310 நாள். அக்கா மகள் வீட்டில் போட்டதுதான் சரி.

இந்த வித்தியாசம் வெறும் கணக்கு வித்தியாசம் அல்ல. ஒரு வருடம் தாண்டி உயிரோடு இருப்பவர் எத்தனை சதவீதம் என்று டாக்டரிடம் நோயாளியின் மகன் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இந்த பைலில் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 121 பேர். 228-ல் 121 போனால் மீதி 47 சதவீதம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 42 பேர் ஒரு வருடம் முடியும் முன்பே கண்ணை விட்டுப் போனவர்கள். அவர்கள் எல்லோரும் ஒரு வருடம் வாழ்ந்துவிட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். கப்லான்-மேயர் முறையில் வருவது 41 சதவீதம். வேடிக்கை பாருங்கள், மீடியனில் தவறு செய்தபோது வாழ்நாள் குறைந்தது, இங்கே தவறு செய்யும்போது கூடுகிறது.

மேலே உள்ள கட்டளையில் 1-க்குப் பதில் ஆண், பெண் என்ற நெடுவரிசையின் பெயரைக் கொடுத்தால் இரண்டு வரி விடை வரும். ஆண்கள் 138 பேர், மீடியன் 270 நாள். பெண்கள் 90 பேர், மீடியன் 426 நாள்.

எஸ்.பி.எஸ்.எஸ். வைத்திருப்பவர்களுக்கு டைப் செய்யும் வேலை இல்லை. மேலே உள்ள மெனுவில் அனலைஸ், அதில் சர்வைவல், அதில் கப்லான்-மேயர் என்று கிளிக் செய்யுங்கள். டயலாக் பாக்ஸ் திறக்கும். நாட்கள் உள்ள வேரியபிளை டைம் என்ற கட்டத்துக்கும், முடிவு உள்ளதை ஸ்டேட்டஸ் என்ற கட்டத்துக்கும் தள்ளுங்கள். ஸ்டேட்டஸ் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும். டிபைன் ஈவென்ட் என்ற பட்டனைக் கிளிக் செய்து, நம் பைலுக்கு 2 என்று கொடுத்து, கன்டினியூ கொடுத்தால் கேள்விக்குறி போய்விடும். ஆண், பெண் என்பதை பேக்டர் என்ற கட்டத்தில் வைக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. நீங்கள் சொன்ன எண் தவிர மற்ற எல்லா எண்ணையும் எஸ்.பி.எஸ்.எஸ். சென்சார் என்றே எடுத்துக்கொள்ளும். 'விவரம் தெரியவில்லை' என்பதற்கு 9 போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த 9-ஐ மிஸ்ஸிங் என்று வேரியபிள் வியூவில் அறிவிக்காவிட்டால், அவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.

ஆஸ்கார் வாங்கினால் ஆயுள் கூடுமா?

மூன்றாவது வேரியபிளான குழுவில் தவறு நடந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2001-ல் கனடாவைச் சேர்ந்த ரெடல்மையர், சிங் இருவரும் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். ஆஸ்கார் விருது வாங்கிய நடிகர் நடிகைகள், வாங்காத சக கலைஞர்களைவிட 3.9 வருடம் அதிகம் வாழ்கிறார்கள் என்றது கட்டுரை. உலகம் முழுவதும் செய்தியானது.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் 60 வயதில் ஆஸ்கார் வாங்குகிறார். குழு நெடுவரிசையில் அவருக்கு 'விருது பெற்றவர்' என்று எழுதி, பிறந்த நாளிலிருந்து எண்ணினால் என்ன ஆகும்? அந்த 60 வருடத்தில் அவர் இறந்திருக்கவே முடியாது. இறந்திருந்தால் விருதே வாங்கியிருக்க மாட்டார். சாகாவரம் பெற்ற அந்த 60 வருடத்தையும் விருதின் கணக்கில் எழுதுகிறோம். 2006-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில்வெஸ்டர், ஹுஸ்டி, ஹான்லி ஆகியோர் விருது வாங்கும் வரை 'பெறாதவர்', வாங்கிய பிறகுதான் 'பெற்றவர்' என்று பிரித்து மறுபடி கணக்குப் போட்டார்கள். 3.9 வருடம் சுமார் 1 வருடமாகச் சுருங்கியது. அதுவும் தற்செயலாக வரக்கூடிய அளவுதான்.

நடிகர்கள் விஷயம் என்பதால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதே தவறு இதய மாற்று அறுவை சிகிச்சையின் ஆரம்ப நாட்களிலும் நடந்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் இதயத்துக்காகக் காத்திருந்த 103 பேரில் 69 பேருக்கு மாற்று இதயம் கிடைத்தது. கிடைத்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று முதலில் எழுதினார்கள். இதயம் கிடைக்கும் நாள் வரை உயிரோடு இருந்தவருக்குத்தானே இதயம் கிடைக்கும் என்று 1972-ல் மிட்செல் கெய்ல் சுட்டிக்காட்டினார்.

இதைக் கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது? ஒரு நோயாளிக்கு ஒரு வரி என்பதை விட்டுவிட வேண்டும். காலத்துக்கு ஒரு நெடுவரிசைக்குப் பதில் ஸ்டார்ட், ஸ்டாப் என்று இரண்டு. 50-வது நாள் இதயம் மாற்றப்பட்டு 200-வது நாள் இறந்தவருக்கு இரண்டு வரி. முதல் வரி 0 முதல் 50 வரை, மாற்று 0, ஸ்டேட்டஸ் 0. இரண்டாவது வரி 50 முதல் 200 வரை, மாற்று 1, ஸ்டேட்டஸ் 1. ஆர்-ல் 'ஹார்ட்' என்ற பெயரில் இந்த பைலும் இருக்கிறது. திறந்து எண்ணிப் பாருங்கள், 172 வரிகள் இருக்கும். 103 நோயாளிகள், அவர்களில் இதயம் கிடைத்த 69 பேருக்கு ஒரு வரி கூடுதல். கூட்டினால் சரியாக வரும்.

போனில் இவ்வளவும் சொல்லி முடித்தபோது அக்கா மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, என் சொந்த புராஜெக்ட் பைல்ல ஸ்டேட்டஸ் சில இடத்துல காலியா இருக்கு. அதெல்லாம் உயிரோடதான் இருப்பாங்கன்னு 0 போட்டுட்டேன்" என்றாள்.

பஞ்ச் கார்டு கதையை அவளுக்கு இன்னொரு முறை சொன்னேன். திங்கட்கிழமை காலையில், காலியாக இருந்த பெயர்களின் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, மருத்துவமனை ரெஜிஸ்டரைப் பார்க்க பஸ் ஏறினாள்.